தாடி வைத்த விஸ்கி

அந்தப் படத்தைத் திரையில் போட்டதும் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. யாரோ கேலிக்குச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். பாட்டிலின் முகப்பில் ஒரு கிழவர். நெஞ்சு வரைக்கும் வெள்ளைத் தாடி, கோடு விழுந்த நெற்றி, கையில் ஒரு கோப்பை. கீழே பொன் எழுத்தில் 'ஆசானின் கைவண்ணம்'.

"யாருங்க இவரு?" என்று கேட்டாள்.

"இவர்தான் நம்ம தலைமைக் கலவையாளர்" என்றார் விளம்பரப் பிரிவுத் தலைவர். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"தலைமைக் கலவையாளர் நான்தானே?"

"அது உள்ளுக்குள்ள மேடம். இது வெளிய."

கூட்ட அறையில் எல்லோரும் திரையையே பார்த்தார்கள். முதலாளி தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்கு ஒதுக்குப்புறத்தில், லாரிகள் மட்டும் போய்வரும் சாலையில் இருந்தது அந்த விஸ்கித் தொழிற்சாலை. பீப்பாய்க் கிடங்கில் வேலை செய்பவர்களிலிருந்து வாயில் காவலர் வரைக்கும் எல்லோரும் அவளை 'மூக்கு மேடம்' என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள், அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். வேதியியல் படித்துவிட்டு ஆய்வகத்தில் சேர்ந்தவள், மூக்கின் தயவால் கலவை அறைக்கு வந்து, அந்த அறைக்கே தலைவியானாள். இப்போது வெளிவரப்போகும் இந்தப் புது விஸ்கி முழுக்க முழுக்க அவள் பெற்ற பிள்ளை. முதலில் தேன், நடுவில் மெல்லிய புகை, விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் மிளகு. இந்த மூன்றும் ஒன்றையொன்று மிதிக்காமல் நிற்பதற்கு அவள் கிடங்கில் எத்தனை பீப்பாய்களை மோந்து மோந்து தள்ளியிருப்பாள் என்பது அவளுக்கே தெரியாது.

"ஆராய்ச்சி பண்ணிட்டோம் மேடம்" என்றார் விளம்பரத் தலைவர். "விஸ்கின்னு சொன்னதும் ஜனங்க மனசுல என்ன வருது? ஆம்பளை. வயசு. தாடி. நாங்களா சொல்லல, ஜனங்க சொல்றாங்க."

"ஜனங்களுக்கு உண்மையைச் சொன்னா ஜுரம் வந்துடுமா?"

"பொம்பளை பண்ணினதுன்னா கொஞ்சம் லேசா இருக்குமோன்னு நினைச்சுடுவாங்க மேடம். நான் நினைக்கல. அவங்க நினைப்பாங்க."

அடுத்து அவர் சொன்னதுதான் அவளை எழுந்து நிற்கவே வைத்துவிட்டது. படத்தில் இருப்பவர் ஒரு நாடக நடிகராம். அறிமுக விழாவில் ஆசானாக மேடையேறி, விஸ்கி வகைகளை ஒப்பிட்டுப் பேசி, எப்படி ரசிப்பது என்று காட்டப்போகிறாராம். அவருக்கு விஸ்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆகையால் மூக்கு மேடம் அவரை உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டுமாம்.

"அதாவது, என் நாற்காலியில இன்னொருத்தர உக்கார வச்சு, நாற்காலியத் துடைச்சும் நானே குடுக்கணும்."

"நீங்க ரொம்ப மனசுல எடுத்துக்கறீங்க" என்றார் முதலாளி. அன்று அவர் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

வீட்டுக்கு வந்து கைப்பையை நாற்காலியில் வீசினாள். அத்தை, அவள் மாமியார், துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவைத் தொடாதவள். மருமகள் வேலையை அவள் 'மருந்து கலக்கற வேலை' என்றுதான் சொல்வாள், அதில் ஒரு மரியாதை இருப்பதாக அவள் எண்ணம். நடந்ததைக் கேட்டதும் மடித்த சட்டையை உதறிவிட்டு நிமிர்ந்தாள்.

"கலக்கினது நீ, தாடி அவனோடதா?"

"அப்படித்தான் அத்தை."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது? சொல்லித்தரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"ஏன்?"

அவள் மனதில் இருந்ததைக் கொட்டினாள். கோபத்தில் வேலையை விட்டுவிட்டு வந்தால், அந்த விஸ்கியைப் பற்றிக் கண்டபடி பேசி நாசம் பண்ணிவிடுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம். பெற்ற பிள்ளையைக் கண்டவன் கையில் கொடுத்தாலும், பிடிக்கும் விதத்தையாவது சொல்லிக்கொடுத்துவிட்டு வர வேண்டாமா என்ற தவிப்பு இன்னொரு பக்கம். அத்தை இதையெல்லாம் கேட்டுவிட்டு, "எனக்குப் புரியல. ஆனா எனக்கே வயிறு எரியுது" என்றாள்.

நடிகர் மறுநாள் காலை வந்தார். தாடி நிஜத்தாடிதான். தோளில் துணிப்பை, கால்களில் தேய்ந்த செருப்பு. கலவை அறை வாசலிலேயே நின்று, "வணக்கம்மா. உள்ள வரலாமா?" என்று கேட்டார். திட்டித் தீர்க்கக் காத்திருந்தவளுக்கு அந்தப் பணிவே எரிச்சலாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்! விளம்பரத் தலைவரும் கூடவே வந்து, மூலையில் ஒரு முக்காலியில் கைப்பேசியோடு உட்கார்ந்துகொண்டார்.

ஜன்னலோரம் நீளமான வெள்ளை மேசை. அதில் அடி பருத்து வாய் குறுகிய கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் வட்டமான கண்ணாடி மூடி போட்டிருந்தாள். அவள் முதல் மூடியை எடுத்தாள். நடிகர் கோப்பையைத் தூக்கினார், அண்ணாந்தார், ஒரே மடக்கு.

"அய்யய்யோ! என்னங்க இது, இருமல் மருந்தா குடிக்கறீங்க?"

"எங்க குழுவுல இப்படித்தான்மா. திரை இறங்கினதும் ஒரு மடக்கு. வீட்டுக்குப் போய்டுவோம்."

"இங்க குடிக்கறதே கடைசி வேலை. முதல்ல மோந்து பாக்கணும். மூக்கக் கோப்பைக்குள்ள நுழைக்காதீங்க, சாராய நெடி மூக்க அடைச்சுடும். கொஞ்சம் தள்ளிப் புடிங்க. வாயை லேசாத் திறந்து வச்சுக்குங்க. அப்புறம் ஒரு சின்ன வாய், நாக்கு முழுக்கப் பரவவிட்டு, துப்பிடுங்க."

"நல்ல சரக்கத் துப்பறதா?" அவர் முகத்தில் உண்மையான வேதனை தெரிந்தது.

சிரிக்கக் கூடாது என்று இருந்தவள் சிரித்துவிட்டாள். அதற்காகத் தன்மீதே கோபம் வந்தது.

ஐரிஷ் விஸ்கியில் தொடங்கினாள். மூன்று முறை வடித்தெடுப்பது அங்கே வழக்கம், அதனால் பெரும்பாலும் லேசாக, வழவழப்பாக இருக்கும். "இது யாரோடயும் சண்டைக்குப் போகாது" என்றாள். அடுத்தது அமெரிக்காவின் பர்பன். பாதிக்கு மேல் மக்காச்சோளம், உள்பக்கம் தீயில் கருக்கிய புத்தம்புது ஓக் மரப் பீப்பாயில் ஊறியது. வனிலாவும் கருகிய சர்க்கரையும் மூக்கில் ஏறும். "சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குள்ள வந்துடற சொந்தக்காரர் மாதிரி. வேண்டாம்னு சொல்ல மனசு வராது." பிறகு, மக்காச்சோளத்துக்குப் பதில் கோதுமை போன்ற ரை தானியம் தூக்கலாக இருக்கும் ரை விஸ்கி. "அதே குடும்பத்துப் பொண்ணுதான். ஆனா வாய் ஜாஸ்தி. காரமாப் பேசும்."

"எனக்கு இந்தப் பொண்ணப் புடிச்சிருக்கு" என்றார் நடிகர்.

சிங்கிள் மால்ட்டும் பிளெண்டும் வந்தபோது அவள் இருக்கையின் நுனிக்கே வந்துவிட்டாள். முளைகட்டிய பார்லி மட்டும், ஒரே வடிசாலையில் வடித்தது என்றால் சிங்கிள் மால்ட். பல இடத்து மால்ட்டோடு மற்ற தானியத்தில் வடித்த லேசான கிரெய்ன் விஸ்கியையும் சேர்த்தால் பிளெண்ட். "ஆனா மூணு புத்தகம் புரட்டினவனெல்லாம், பிளெண்டா, அது மட்டம்னு உதட்டப் பிதுக்குவான்!" என்று பொரிந்தாள். "எதை எவ்வளவு சேக்கறது, எதை எப்ப நிறுத்தறதுன்னு எங்களுக்குத்தானே தெரியும்?"

நடிகர் யோசித்தார். "அப்போ சிங்கிள் மால்ட் தனியாளா நின்னு நடிக்கறது. பிளெண்டு முழு நாடகம். வசனமே இல்லாம ஓரமா நிப்பான் பாருங்க ஒருத்தன், அவன்தான் அந்தக் கிரெய்ன் விஸ்கி. அவன் நகந்தா காட்சியே சரிஞ்சுடும்."

இத்தனை வருடத்தில் இந்த அறையில் யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

தண்ணீர் சேர்க்கலாமா என்று கேட்டார். சில சொட்டு விட்டுக் காட்டினாள். மூடிக்கிடந்த வாசனையெல்லாம் கதவு திறந்ததுபோல வெளியே வந்தது. "தண்ணி ஊத்தினா பாவம்னு சொல்றவன் ஒழுங்கா மோந்தே பாத்ததில்ல. ஐஸ் போட்டா வாசனை உறங்கிடும், ஆனா புழுக்கமான மதியத்துல அதுதான் சொகம்னா போட்டுக்கட்டும். சோடா வேணுமா, ஊத்திக்கட்டும். வயசான விஸ்கிதான் ஒசத்தின்னும் இல்ல, ரொம்ப நாள் கிடந்தா மரம்தான் பேசும், விஸ்கி பேசாது. ரசிக்கறதுக்குச் சட்டம் கிடையாதுங்க. நிதானம்தான் வேணும்."

மூக்கு களைத்தபோது தன் சட்டைக் கையை ஒருமுறை முகர்ந்தாள். சொந்த வாசனையை முகர்ந்தால் மூக்கு பழைய நிலைக்கு வரும் என்பது அவள் பழக்கம். கடைசிக் கோப்பை புகை விஸ்கி. சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்த கரிமண்ணை எரித்து, அந்தப் புகையில் பார்லியைக் காயவைத்து வடிப்பது. நடிகர் முகத்தைச் சுளித்தார். "ஆஸ்பத்திரி வாடை வருதேம்மா!"

"ஆமா. பாதிப்பேரு இதாலயே ஓடிடுவாங்க. எனக்கு அதான் புடிக்கும்." கோப்பையைச் சுழற்றியபடி, யோசிக்காமல் சொன்னாள். "என் பொண்ணு பிறந்தப்போ அவளை ரெண்டு நாள் என் கண்ணுல காட்டல. கண்ணாடி ரூமுக்குள்ள வச்சிருந்தாங்க. நான் அந்த வராந்தா பெஞ்சுலயே உக்காந்திருந்தேன். டிங்சர் வாடை, வெளிய யாரோ குப்பை எரிச்ச புகை. கடைசியா அவளைக் கொண்டாந்து கையில குடுத்தாங்க. அதுக்கப்புறம் அந்த வாடை வந்தா எனக்கு பயமே வர்றதில்ல. சந்தோஷமா இருக்கும்."

நடிகர் அந்தக் கோப்பையை மறுபடி எடுத்து, இந்த முறை மெதுவாக முகர்ந்தார். மூலையில் விளம்பரத் தலைவர் கைப்பேசியைக் கொஞ்சம் முன்னால் நீட்டிப் பிடித்திருந்தார்.

விழா ஒரு பெரிய ஹோட்டல் மண்டபத்தில், பிற்பகலில். ஊழியர்கள் குடும்பத்தோடு வரலாம் என்றிருந்ததால் அத்தையும் கிளம்பிவிட்டாள். இருவருக்கும் கடைசி வரிசையில், ஒலிபெருக்கிகளை இயக்கும் பலகைக்குப் பக்கத்தில் இடம். விளம்பரத் தலைவர் குனிந்து அவள் காதில், "பத்திரிகைக்காரங்க யாராவது பேச்சுக் குடுத்தா, தரப் பரிசோதனைல இருக்கேன்னு சொல்லிடுங்க மேடம்" என்றுவிட்டு நகர்ந்தார்.

"என்னவாம்?" என்றாள் அத்தை.

"நான் யாருன்னு எனக்குச் சொல்லிட்டுப் போறாரு."

நடிகர் கறுப்புக் கோட்டில் மேடையேறினார். கூட்டம் அப்படியே கட்டுண்டது. என்ன குரல், என்ன நிதானம்! சண்டைக்குப் போகாத ஐரிஷ், சிரித்துக்கொண்டே வரும் பர்பன், வாய்த்துடுக்கான ரை எல்லாம் வந்தன. சொல்லுக்குச் சொல் அவளுடையது. நடுவில் ஒரு முறை அவர் கோட்டுக் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். முன்வரிசையில் யாரோ "பாருங்க, அதான் அனுபவம்" என்று வியந்தது கடைசி வரிசை வரை கேட்டது. அவள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். போகட்டும், வேலைதானே, சொல்லித்தந்ததைத்தானே சொல்கிறார் என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னாள்.

அப்போது புகை விஸ்கி வந்தது.

"இந்த வாசனை சிலருக்குப் பிடிக்காது" என்றார் நடிகர் கோப்பையை வெளிச்சத்தில் உயர்த்தி. "எனக்கு இது ஒரு ஆஸ்பத்திரி வராந்தா. என் மகள் பிறந்தபோது ரெண்டு நாள் அவளை என் கண்ணில் காட்டவில்லை. கண்ணாடி அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில்..."

"அது என் பொண்ணு!"

தான் எழுந்து நின்றதே அவளுக்குத் தெரியவில்லை. குரல் மண்டபத்தின் மறுகோடிவரை போய் மோதியது. எல்லாத் தலைகளும் திரும்பின.

"அந்த பெஞ்சுல உக்காந்தது நான். அது என் பொண்ணு. அந்த விஸ்கியும் என்னுது. பேச்ச எடுத்துக்கிட்டீங்க, கைய மோந்து பாக்கறத எடுத்துக்கிட்டீங்க, போனாப் போகுதுன்னு விட்டேன். என் பிரசவத்தக்கூடவா எடுத்துப்பீங்க?"

பக்கத்தில் அத்தையும் எழுந்துவிட்டாள். "என் பேத்திதான்! நானும் அந்த வராந்தாவுலதான் இருந்தேன். இந்தத் தாடிக்காரர நாங்க யாரும் அங்க பாக்கல!"

யாரோ சிரித்தார்கள், யாரோ கை தட்டினார்கள். விளம்பரத் தலைவர் ஒலிபெருக்கிப் பலகையை நோக்கி ஓடிவந்து ஏதோ சைகை காட்ட, மைக் அணைந்து, எங்கிருந்தோ வாத்திய இசை பெரிதாகக் கிளம்பியது. நடிகர் மேடையில் அப்படியே நின்றார். கோப்பையை மேசையில் வைத்தார். அணைந்த மைக்கை விட்டு விலகி, நாடகக்காரக் குரலில் இசைக்கு மேலே சொன்னார்: "அவங்க சொல்றது நிஜம். நான் நடிகன்." பிறகு படியிறங்கிப் போய்விட்டார்.

வெளியே வாகனம் நிறுத்துமிடத்தில் அவர் அவளுக்காகக் காத்திருந்தார். "எழுதிக் குடுத்ததைப் பேசினேன்மா" என்றார். "உங்க பொண்ணுன்னு தெரியும். தெரிஞ்சுதான் பேசினேன்."

"தெரிஞ்சே எப்படிங்க மனசு வந்துச்சு?"

"எங்க தொழில்ல அடுத்தவங்க அழுகையத்தான் அழுவோம். ஆனா அவங்க எதிர்லயே உக்காந்திருக்க மாட்டாங்க."

அவள் திரும்பி நடந்தாள். மன்னிக்கும் மனநிலையில் அவள் இல்லை. அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதும் தெரிந்தது, அது வேறு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் முதலாளி அறைக்கு அழைத்தார். விழாவைக் கெடுத்துவிட்டதாக ஒரு பாட்டம் குறைப்பட்டுவிட்டு, பாட்டிலின் பின்பக்கம், அடியில், சிறிய எழுத்தில் அவள் பெயரையும் போட்டுவிடலாம் என்றார்.

"விலை எவ்வளவு, சாராயம் எவ்வளவுன்னு போடற இடத்துலயா சார்?"

"முன்பக்கம் தாடி ஒட்டியாச்சு. என்ன செய்யச் சொல்றீங்க?"

"அப்போ அடுத்த கலவைய அந்தத் தாடியே மோந்து பாத்து சரின்னு சொல்லட்டும்."

அந்தத் தொழிற்சாலையில் தலைமைக் கலவையாளர் 'சரி' என்று சொல்லாமல் எந்தத் தொட்டியும் பாட்டில் பிரிவுக்குப் போகாது. முதலாளியின் அப்பா காலத்துச் சட்டம் அது. அவள் தினமும் வேலைக்கு வந்தாள். பீப்பாய்களை முகர்ந்தாள், மற்ற விஸ்கிகளுக்கெல்லாம் சரி சொன்னாள். அந்தப் புது விஸ்கித் தொட்டி ஒன்றுக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. முதலாளி அவளுடைய உதவியாளரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர், "மேடம் சரின்னா எனக்கும் சரி சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். விளம்பரத் தலைவர் ஒரு நாள் கெஞ்சினார், ஒரு நாள் மிரட்டினார். தொட்டி நிரம்பியபடி நின்றது. அவள் முன்பே சரி சொல்லியிருந்த முதல் தவணை பாட்டில்கள் தாடியோடு கடைகளுக்குப் போய், விழாவில் நடந்த கூத்தைக் கேள்விப்பட்டவர்களே வாங்கித் தீர்த்துவிட, கடைக்காரர்கள் அடுத்தது எங்கே என்று குடைய ஆரம்பித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் நடிகர் தாடியை எடுத்துவிட்டார் என்ற செய்தி வந்தது. ஏதோ ஒரு நாடகத்தில் மழித்த முகத்து வேஷமாம். விளம்பரத் தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். வேஷம் நிஜமாகவே வந்ததா, அல்லது அந்த மனிதரே தேடிப் பிடித்தாரா என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கடைசியில் முதலாளி கலவை அறைக்கே நேரில் வந்தார். புது லேபிளின் மாதிரியை மேசைமேல் வைத்தார். கிழவரும் இல்லை, ஆசானும் இல்லை. வெறும் தாள் நிறப் பின்னணியில் விஸ்கியின் பெயர், அதன் கீழே 'கலவை' என்று போட்டு, முன்பக்கத்திலேயே, படிக்கும் அளவில் அவள் பெயர். அவளுடைய படத்தையும் போடலாமா என்று கேட்டார்.

"என் மூஞ்சிய வச்சு யாரும் குடிக்க வேண்டாம் சார்" என்றாள். அன்று மாலைக்குள் தொட்டிக்குச் சரி சொன்னாள். வீட்டுக்கு ஒரு மாதிரி பாட்டிலைக் கொண்டுபோனபோது, அத்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மருமகள் பெயரை எழுத்துக் கூட்டுவதுபோல நிதானமாகப் படித்தாள். பிறகு மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "கண்றாவி" என்று மூடி, பாட்டிலை வரவேற்பறை அலமாரியில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்தாள்.

இதோடு விஷயம் முடிந்தது என்று அவள் நம்பினாள். சில வாரங்கள் கழித்து விளம்பரத் தலைவர் கலவை அறைக் கதவைத் தட்டினார். முகத்தில் அதே பழைய பூரிப்பு.

"மேடம், அபாரமான வரவேற்பு! பொம்பளை பேரு போட்டதுல ஒரு புதுமை இருக்குன்னு ஆராய்ச்சியே சொல்லுது. இப்ப எனக்கு ஒரு யோசனை. பொம்பளைங்களுக்குன்னே தனியா ஒரு விஸ்கி! காரம் இல்லாம, புகை இல்லாம, நல்லா இனிப்பா. ரோஸ் கலர்ல. நீங்கதான் பண்ணணும்."

அவள் கையிலிருந்த கோப்பையை மூடினாள். எழுந்தாள். கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"வெளிய போங்க."

"மேடம், முழுசாக் கேளுங்க, பாட்டில்ல ஒரு பூ..."

"போங்கன்னேன்!"

கிடங்கில் பீப்பாய் உருட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.